பெரியப்பாவின் கோக்கோ வைத்தியம்

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோக்கோ போட்டிருந்த என் பெரியப்பாவுக்கு, அந்தக் கொட்டையைத் தின்னலாம் என்ற எண்ணமே அதுவரை வந்ததில்லை. காயை உடைப்பார், கொட்டையைப் புளிக்க வைப்பார், காயப்போட்டுச் சாக்கில் கட்டி வியாபாரிக்கு அனுப்பிவிடுவார். சாக்லேட் என்பது பிள்ளைகள் சமாச்சாரம். ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறைக்கு நான் ஆர்.எஸ்.புரத்திலிருந்து அங்கே போயிருந்தபோதுதான், யாரோ போனில் அனுப்பிய ஒரு வீடியோ அவரைப் பிடித்துக்கொண்டது.

கோக்கோக் கொட்டையில் மக்னீசியம் இருக்கிறது, இரும்புச்சத்து இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, ரத்தக்குழாயைத் தளர்த்திவிடும் சத்தும் இருக்கிறது என்று அதில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பெரியப்பாவுக்கு நாள்பட்ட பிரஷர். தினமும் மாத்திரை போடுவதைத் தன் உடம்புக்கு நேர்ந்த அவமானமாகவே நினைத்திருந்தவர் அவர். "மருந்தத் தோப்புக்குள்ளயே வெச்சுக்கிட்டு மெடிக்கலுக்கு நடந்துட்டு இருந்திருக்கறம் பாரு" என்று சொல்லி, மாத்திரை அட்டையைக் குப்பையில் எறிந்தார். பெரியம்மா கெஞ்சினார், சத்தம் போட்டார், ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஏனோ திடீரென்று அடங்கிப்போனார்.

கொட்டை வறுக்கும் வேலை எனக்கு வந்தது. இரும்பு வாணலியில் வறுத்தால் வீடெல்லாம் மணக்கும். தோலை நீக்கி மிக்சியில் போட்டால் பொடியாகாது. எண்ணெய் விட்டுக்கொண்டு களிபோல ஆகிவிடும். பாதிக்குப் பாதி கொழுப்பு என்பதை வீடியோக்காரர் சொல்ல மறந்திருந்தார். அதைப் பெரியம்மா சுடுதண்ணீரில் கரைப்பார். சர்க்கரை சேர்த்தால் சத்து போய்விடும் என்பது பெரியப்பாவின் கட்சி. ஒருநாள் நாக்கில் தொட்டு வைத்துப் பார்த்தேன், வேப்பங்கொழுந்து தேவலாம்.

பெரியப்பாவிடம் கொண்டுபோகச் சொல்லி டம்ளரை என் கையில் கொடுக்கும் முன் பெரியம்மா ஒரு காகிதத்துக்குள் எதையோ வைத்துப் பூரிக்கட்டையால் நசுக்கி, வெள்ளைத்தூளை அதில் தட்டிக் கலக்குவார். என்னவென்று கேட்டேன். "கசப்பு முறிக்கறதுக்குக் கண்ணு. பெரியப்பாகிட்டச் சொல்லீராத, கோவிச்சுக்குவாரு" என்றார். சர்க்கரை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் எனக்கென்று ஒரு ரகசியம் கிடைத்ததில் பெருமையாகவும் இருந்தது.

பெரியப்பா ஊருக்குள் போய் பிரஷர் பார்த்துக்கொண்டு வந்தார். சரியாக இருந்தது. அன்றிலிருந்து அவர் விவசாயி பாதி, வைத்தியர் பாதி. வந்தவர்களுக்கெல்லாம் நான் வறுத்த கொட்டையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "அம்மிணி கைப்பக்குவம்" என்று என்னையும் சேர்த்துப் புகழ்ந்தார். மேற்குத் தோட்டத்து மாமாவுக்கும் பிரஷர் உண்டு. அவருக்குப் பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சில நாள் கழித்து அந்த மாமா பால் கறக்கப் போன இடத்தில் தலை சுற்றி விழுந்துவிட்டார்.

பெரியப்பாவின் காரில்தான் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனோம். வீட்டில் தனியாக விட முடியாமல் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். முன்சீட்டில் பெரியம்மா மடியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரே நினைப்புதான்: மாமாவுக்குப் பொட்டலம் கட்டிய அன்றைக்கு ஒரு ஈடு கொட்டை தீய்ந்துபோயிருந்தது, நான்தான் யாருக்கும் தெரியாமல் நல்லதோடு சேர்த்துவிட்டிருந்தேன். மாமா செத்துப்போனால் போலீஸ் என்னைத்தான் தேடும்.

மாமா பிழைத்துக்கொண்டார். பிரஷர் எகிறியிருந்தது, அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. மாமாவும் மாத்திரையை நிறுத்திவிட்டது தெரிந்து, ஏன் என்று அவர் விசாரித்ததும், பெரியப்பா கொஞ்சமும் தயங்காமல் கோக்கோவின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார்.

"கோக்கோ நல்லதுதானுங்க. ரத்தக்குழாயைக் கொஞ்சம் தளர்த்தும், இல்லைங்கல. மாத்திரை செய்யற வேலைய அது செய்யாதுங்க" என்றார் டாக்டரம்மா.

பெரியப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினார். டாக்டரம்மா பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். எந்தக் குறையும் இல்லை.

கட்டிலில் கிடந்த மாமா ஈனசுரத்தில், "அப்ப எனக்குக் கொட்டை பத்தலையாட்ட இருக்குதுங்க மச்சான். இன்னும் ரெண்டு கை சேத்திக் குடுங்க" என்றார்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த பெரியம்மா முன்னால் வந்தார். "கொட்டையினால இல்லீங்க டாக்டரம்மா. தினமும் இவரு மாத்திரையத் தூளாக்கி அந்தத் தண்ணியில நாந்தான் கலந்துபோட்டனுங்க. எங்கப்பாவும் இப்படித்தான் மாத்திரை வேண்டாம்னுபோட்டு, கை கால் விளங்காமக் கெடந்தாருங்க."

டாக்டரம்மா பெரியம்மாவையும் ஒரு பிடி பிடித்தார். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாதாம். இது அப்படிப்பட்டதாக இல்லாமல் போனது நல்லகாலமாம். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. என் கொட்டை யாரையும் குணப்படுத்தவில்லை, யாரையும் சாய்க்கவும் இல்லை. அந்த நிம்மதியில் எனக்குப் பசி எடுத்துவிட்டது.

திரும்பும் வழியில், இன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆனைமலை நெருங்கும்போது பெரியப்பா, "அத்தன நாளும் எனக்குத் தெரியலையே, எப்படிப் புள்ள?" என்றார்.

"அந்தக் கசப்புல எதைக் கலந்தாத்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றார் பெரியம்மா.

பெரியப்பா சிரித்தார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஊருக்குள் வந்ததும், மெடிக்கலில் புது மாத்திரை அட்டை வாங்க அவராகவே இறங்கிப் போனார்.

அவர் போனதும், பெரியம்மா முந்தானையை வாயில் வைத்து அழத் தொடங்கினார். அத்தனை நாளும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அதுதான் எல்லாஞ் சரியாப் போச்சில்லீங்க பெரியம்மா, இன்னும் ஏன் அழுவறீங்க?" என்றேன்.

"அதனாலதாங் கண்ணு" என்றார்.

நான் கேட்டது அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, இன்னொரு முறை சத்தமாகக் கேட்டேன்.