தூக்கி நிறுத்திய பக்கெட்

திருகோணமலைத் துறைமுகத்தில் மணல் அள்ளும் லோடர் ஓட்டினேன். வேலை முடிந்ததும் அதன் முன்னாலிருக்கும் பெரிய இரும்பு பக்கெட்டைத் தரையில் இறக்கி வைக்கத்தான் சொல்வார்கள். உள்ளே நாய்கள் படுத்து அசிங்கம் பண்ணுவதால் நான் உயரத் தூக்கிவிட்டே போவேன். காலையில் பார்த்தால் தரையில் கிடக்கும்.

குச்சவெளிக்காரரான காவலாளி இரவில் லோடரை எடுத்துக் களவாக மணல் ஏற்றுகிறார் என்று சந்தேகப்பட்டேன்.

"ஆர் இதைத் தொட்டது?" என்று கத்தினேன்.

"தம்பி, திறப்பு உங்களிட்டத்தானே கிடக்கு?" என்றார்.

கள்ளச் சாவி வைத்திருப்பார் என்று நினைத்தேன். அன்று மாலை பக்கெட்டைத் தூக்கிவிட்டு, அவரையும் பக்கத்தில் நிறுத்திக் காவல் இருந்தேன். யாரும் கிட்ட வரவில்லை. அதைத் தூக்கிப் பிடிக்கும் எண்ணெய் எங்கோ கசிய, பக்கெட் சத்தமில்லாமல் தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

தினமும் மத்தியானம் அந்த பக்கெட்டை உயரத் தூக்கி நிறுத்தி, அதன் அடியில் நிழலுக்குக் குந்தித்தான் சோற்றுப் பார்சலை அவிழ்ப்பேன்.