விரல் நுழையும் சந்து

என் தவறை அறிக்கையில் ஒரு பூக்காரப் பெண்ணின் தலையில் கட்டினேன். "பாதசாரியின் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அப்போது நான் பொறியாளர். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதைக்குக் குறுக்கே ஓடும் மழைநீர்க் கால்வாய்க்கு இரும்புக் கம்பி மூடி வடிவமைத்தேன். லாரி ஏறினால் வளையக் கூடாது, தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டுக்கும் கணக்குப் போட்டேன். நடக்கும் திசையிலேயே கம்பிகளை நீளவாக்கில் வைத்தால் பலம் அதிகம். விடை சரிதான், கேள்விதான் தவறு. அந்தப் பாதையில் ஜனங்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பௌர்ணமிதோறும் நானும் அப்படித்தான் நடப்பேன். ஆனால் மேசைமுன் உட்கார்ந்ததும் என் காலையே மறந்துபோனேன். மூடியை ஷூ போட்டுக்கொண்டு மிதித்துச் சோதித்தேன்!

பக்கத்தில் பூ விற்ற அந்தப் பெண் அன்றே சொன்னார்: "சார், விரல் உள்ள பூடுது பாருங்க."

"லாரியே தாங்கும்மா!" என்று டீக்கடை வரை கேட்கக் கத்தினேன்.

"லாரிக்கு இன்னா சார், விரலா இருக்குது?"

கடையில் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, புத்தி வரவில்லை.

அடுத்த பௌர்ணமியன்று கூட்டம் நெருக்கித் தள்ளியதில் அவர் கால்விரலே அந்தக் கம்பிச் சந்தில் மாட்டியது. மருத்துவமனையில் விரலை எடுத்துவிட்டார்கள். விசாரணைக்காக நான் எழுதியதுதான் அந்த அறிக்கை. அதன்பின் ஊரில் அவருக்குப் 'பாத்து நடக்காதவ' என்ற பெயர் நிலைத்தது.

ஓய்வுபெற்ற பிறகு, குற்றம் என்னுடையது என்று அலுவலகத்துக்கு எழுதி, புது வரைபடமும் இணைத்தேன். கோப்பை மூடிவிட்டதாகப் பதில் வந்தது. கடித நகலோடு அவரிடம் போனேன்.

"பேப்பர் எனக்கு எதுக்கு? லாரி தாங்கும்னு கத்துனீங்களே, அதே சத்தத்துல சொல்லுங்க. அதே டீக்கடைல."

சொன்னேன். காதில் விழவில்லை என்றார். "தப்பு என்னோடதும்மா!" என்று மறுபடி கத்தினேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "இத்தினி வருசமா இன்னா பண்ணினு இருந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

மூடி இன்னும் மாறவில்லை. பௌர்ணமிதோறும் நானே போய் அதன்மேல் கயிற்றுப் பாய் விரிக்கிறேன். என் மூன்றாவது மனுவுக்குப் பிறகு அலுவலகத்தார் அங்கே ஓர் அறிவிப்புப் பலகை நட்டார்கள்: "பார்த்து நடக்கவும்." நான் எழுதிய அதே பொய், இப்போது பெயின்டில்.

அவர் அதன்மேல் பூச்சரங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்.

"இதுக்காச்சும் ஆவுதே சார்" என்றார்.