பந்தயக் காரில் ஒரு கன்றுக்குட்டி

என் மாமனாரை அவருடைய பெயர் சொல்லித் தேடினால் எந்தப் பட்டறையிலும் கையை விரிப்பார்கள். கொக்கி என்று கேட்டால் வீடு வரைக்கும் கூட வந்து காட்டிவிட்டுப் போவார்கள். வழியில் படுத்துவிட்ட வண்டிகளைக் கொக்கி மாட்டி ஏற்றிக்கொண்டு வரும் ரெக்கவரி வண்டி அவருடையது. நடுரோட்டில் கார் நின்றுபோனால் யாருக்கும் மனநிலை சரியாக இருக்காது; புருஷன் பெண்டாட்டி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மாமா இறங்கியதும் காரைப் பார்க்க மாட்டார். "தண்ணி குடிச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்.

அவரை அனுப்பி வைப்பது என் மாமியார். போன் அவர் கையில்தான் இருக்கும். எங்கே நிற்கிறது, கூட யார் இருக்கிறார்கள், குழந்தை இருக்கிறதா, நிழல் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் கறந்துவிட்டுத்தான் வைப்பார். ராங் நம்பரில் வந்தவரிடம்கூட அவர் மகள் கல்யாண விஷயம் வரைக்கும் போய்விடுவார். மாமா அவருக்கு வைத்த பெயர் கன்ட்ரோல் ரூம். அத்தை காதுக்கு எட்டாத தூரத்தில் மட்டும் அதைச் சொல்வார்.

எனக்குக் காரைப் பற்றித் தெரிந்தது நிறம் ஒன்றுதான். ஆனாலும் சனிக்கிழமைகளில் அவரோடு கிளம்பிவிடுவேன். வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து ஊரைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பேச ஒரு ஆள் இருப்பது அவருக்குப் பிடிக்கும்.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையில்தான் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. அடித்தளத்தில் குழாய் மாற்றுகிறார்கள். தூணுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக ஒரு கார் தார்ப்பாயால் மூடிக் கிடக்கிறது. வைத்திருந்தவர் இறந்துவிட்டார். அதைப் பழைய இரும்புக் கடைக்கு இழுத்துப் போக வேண்டும்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி நிற்க, மாமா தார்ப்பாயைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"மாப்பிள்ளை, இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன். என் கண்ணுக்கு அது ஒரு வெள்ளைக் கார். நாலு கதவு, பெட்டி மாதிரி உடம்பு, முன்னால் இரண்டிரண்டாக வட்ட விளக்குகள். ஒரு குமாஸ்தா ஆபீசுக்கு ஓட்டிப்போகிற கார் என்று நினைத்திருப்பேன். மாமா அதைச் சுற்றி வந்தார். சக்கரத்துக்கு மேலே தகடு லேசாகப் புடைத்திருந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். மண்டியிட்டு அடியில் பார்த்தார். பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், சாப்பிடக் கூப்பிட்டாலும் வெளியே எடுக்க மாட்டார் போலிருந்தது.

"இது குடும்ப வண்டி மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு இருக்கற பந்தய வண்டி," என்றார் கடைசியில்.

அந்தக் காலத்தில் பந்தயத்துக்கு ஒரு விதி இருந்ததாம். கடையில் விற்காத காரைப் பந்தயத்தில் இறக்கக் கூடாது. அதனால் கம்பெனிக்காரர்கள் ஒரு சாதாரண நாலு கதவுக் காருக்குள் பந்தய இன்ஜினை வைத்து, கொஞ்சமாகச் செய்து விற்றார்கள். மாமா வாலிபத்தில் வேலை பார்த்த பட்டறையின் சுவரில் இதே காரின் படம் ஒட்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதற்கு அடியில்தான் படுப்பாராம். ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை.

"எப்ப எடுப்பீங்க?" என்றார் செயலாளர்.

"இப்பவே எடுத்துடறேன் சார். ஆனா இரும்புக் கடைக்குக் கொண்டுபோக மனசு வரலை."

"எங்க வேணும்னாலும் கொண்டு போங்க. இறந்தவரோட பையன் வெளிநாட்டுல இருக்கார். அவர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்று ஒரு நம்பரைக் கொடுத்தார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் காரை இறக்கிக் கழுவினோம். வெள்ளை பெயர்ந்த இடங்களில் அடியில் இளம் பச்சை தெரிந்தது. பின்கதவைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்த மாமா என்னைக் கூப்பிட்டார். முன்சீட்டுகளின் முதுகிலும் கதவின் உள்பக்கத் தகட்டிலும் கோடு கோடாகக் கீறல்கள். செருப்புத் தேய்ந்த தடம் இல்லை. நாய் நகமும் இல்லை. ஒவ்வொன்றும் இரட்டையாக இருந்தது.

அதற்குள் அத்தை வந்து காருக்குள் தலையை நீட்டினார். மூச்சை ஒரு முறை இழுத்தார்.

"ஏங்க, இது மாட்டு வாசனைங்க."

"பந்தய வண்டியில மாடு எப்படி வரும்?"

"எனக்கென்ன தெரியும்? வந்திருக்கு. இது குளம்பு பட்ட தடம்."

அதோடு மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. இன்ஜின் ஓடுமா ஓடாதா என்ற கவலையைக்கூட ஓரமாக வைத்துவிட்டார். சாப்பிடும்போது திடீரென்று நிறுத்தி, "பந்தய வண்டியில போய் மாடு" என்பார். அப்புறம் சாப்பிடுவார்.

வெளிநாட்டில் இருந்த அந்த மகனிடம் அத்தைதான் பேசினார். அவருடைய அப்பா பல் டாக்டர். "அப்பா அதை ஓட்டினதே இல்லை ஆன்ட்டி. ஞாயித்துக்கிழமை உள்ள போய் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். அம்மா திட்டினா அங்கதான் போவார். மழை வந்தா ஒரு மாதிரி கொட்டகை வாசனை வரும், நாங்க சிரிப்போம்." அதை வாங்கியது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருக்கும் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் என்றார். காரை என்ன செய்வது என்று அத்தை கேட்டதற்கு, "நீங்களே வச்சுக்கங்க. அப்பா அதுக்குள்ள சந்தோஷமா இருந்தார். நசுக்கிட வேண்டாம்," என்றார்.

ஸ்டுடியோ இன்னும் இருந்தது. இப்போது பாஸ்போர்ட் போட்டோ மட்டும்தான். காரின் பேச்சை எடுத்ததும் உரிமையாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அதைக் கேக்காதீங்க அண்ணே. ஜோடியா கார்ல சாய்ஞ்சு நின்னு போட்டோ எடுத்துக்கட்டும்னு ஆசையா வாங்கினேன். பச்சை கலர் படத்துல எடுபடலைன்னு வெள்ளை அடிச்சேன். வெளிய நின்னா ஒண்ணும் தெரியாது. உள்ள உட்கார வச்சா பொண்ணு மூக்கைச் சுருக்கும். எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் சண்டை போட்டுக்கிட்டு வந்த ஜோடி மாதிரியே இருக்கும்."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"மாட்டு டாக்டரம்மாகிட்ட. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க. விக்கறப்ப சாவியைக் கையில கொடுக்காம மேஜை மேல வச்சுட்டு உள்ள போயிட்டாங்க."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். தேர்வில் பாஸான பையனின் முகம்.

கால்நடை மருத்துவமனைக்கு அத்தை போன் போட்டார். அந்த அம்மா ஓய்வு பெற்று வெகுகாலமாகிறது, ஆனால் ஊர்க்காரர்கள் இன்னும் ஆட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் போகிறார்கள் என்றார்கள். மாமா காரை ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏற்றினார். அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறினார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வண்டியில் ஏறி நான் பார்த்ததே இல்லை. நான் நடுவில் நசுங்கினேன்.

டாக்டரம்மா வீட்டு வாசலில் காலில் கட்டுப் போட்ட ஓர் ஆடு நின்றிருந்தது. அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தார். ஒல்லியான உடம்பு, கத்தரித்த நரைமுடி. வண்டியின் மேலே இருந்ததை நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளையா அடிச்சுட்டாங்களா," என்றார். அப்புறம் எங்களைப் பார்த்து, "முதல்ல உள்ள வாங்க. தண்ணி குடிங்க."

மாமா சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார்.

காரை வாங்கியவர் அவருடைய கணவர். சின்னக் கம்பெனியில் கணக்கர், மனசெல்லாம் பந்தயம். வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன காரை எப்படியோ பேசி முடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பந்தயங்களில் ஓட்டினார். மூன்றாவதற்குப் பழகும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வலிப்பு வந்துவிட்டது. உயிர் பிழைத்தது பெரிய காரியம். இனிமேல் எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

"கொஞ்ச நாள் தினமும் அதைத் துடைச்சுக்கிட்டே இருந்தார். என்னால பார்க்கவே முடியலை. அப்ப எனக்கு ஆஸ்பத்திரியில ஒரு ஓட்டை ஜீப். மாடு கஷ்டப்படுதுன்னு ஆள் வந்து நிக்கும், ஜீப் கிளம்பாது. ஒரு நாள் சொன்னேன், சாவியைக் கொடுங்க, நீங்க பக்கத்துல உட்காருங்கன்னு."

"பந்தய வண்டியிலயா?" என்றார் அத்தை.

"ஆமா. ஒரு வாரம் கழிச்சு அவரே வழி சொல்ல ஆரம்பிச்சுட்டார். பந்தயத்துல பக்கத்துல உட்கார்ந்து சொல்லுவாங்களே, அந்த மாதிரி. 'அடுத்து இடது, இறுக்கமான வளைவு, மூணாவது கியர்.' இந்தப் பக்கத்து ரோடு பூரா அவருக்கு மனப்பாடம். தாய் செத்துப்போன கன்னு, காலொடிஞ்ச கன்னு எல்லாத்தையும் பின்சீட்டுல போட்டுக்கிட்டு வருவோம். நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு மாடு போயிடுச்சுன்னா அன்னைக்கு அவர் சாப்பிட மாட்டார். 'வளைவுல நீ பயந்துட்டே, இன்னும் வேகமா எடுத்திருக்கலாம்'னு சொல்லுவார்."

கணவர் இறந்த பிறகு டாக்டரம்மா கொஞ்ச நாள் அதே காரில் தனியாகப் போனார். வளைவு வரும்போதெல்லாம் காது பக்கத்துச் சீட்டுக்குப் போயிற்று. அதனால் விற்றுவிட்டார். அதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. ஆட்டின் கட்டு அவிழ்ந்திருக்கிறதா என்று ஜன்னல் வழியாக ஒரு முறை பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கறீங்களாம்மா?" என்றார் மாமா.

காரை இறக்கினோம். அத்தை ஓடிப்போய் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். மாமா தாங்கிப் பிடிக்க, உள்ளே உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை," என்றார். "இங்கேருந்து பார்த்தா ரோடு வேற மாதிரி இருக்கும் போல."

காலை நீட்டியவர் குனிந்து பார்த்தார். "தம்பி, இங்க என்ன, பள்ளமா இருக்கு?"

மாமா வெளியே மண்டியிட்டு ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அடித்தகட்டில் ஒரு குழி. கட்டைவிரலால் அதைச் சுற்றித் தடவினார். துரு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"மிதிச்சு மிதிச்சு விழுந்த பள்ளம்மா. ஓட்டத் தெரிஞ்சவங்க பக்கத்துல உட்கார்ந்தா கால் சும்மா இருக்காது. வேகமா போனா, இல்லாத பிரேக்கை அவங்களும் மிதிப்பாங்க."

டாக்டரம்மா தன் பாதத்தை அந்தக் குழிக்குள் வைத்துப் பார்த்தார். அது பெரிய பாதத்தின் குழி.

"வேகமா போ, வேகமா போன்னுதான் சொல்லுவார்," என்றார்.

"வாய் சொல்லியிருக்கும்மா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிட்டது. "அவ்வளவு பயமா. ஒரு நாளாவது மெதுவா போன்னு சொல்லியிருக்கக் கூடாதா, இந்த மனுஷன்." அத்தை சீட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா எழுந்து போய் ஆட்டைத் தடவிக்கொடுத்தார். நானும் போனேன்.

காரை இங்கேயே விட்டுவிடட்டுமா என்று கிளம்பும்போது மாமா கேட்டார். "இங்க நின்னா கோழி முட்டை போடும். நீங்க ஓட வைங்க. ஓடினா என்னைக் கூப்பிடுங்க," என்றார் டாக்டரம்மா.

திரும்பும் வழியில் பாலம் தாண்டியதும் மாமா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "நான் ஓட்டறப்ப உனக்குப் பயமா இருக்குமா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து," என்றார் அத்தை.

"சொல்லவே இல்லையே."

"சொன்னா மட்டும்?"

மீட்டர் முள் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன்.

இன்ஜினைப் பிரித்துச் சேர்க்க ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆயின. கிடைக்காத சாமான்களைத் தெரிந்த கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கினார். அடித்தகட்டைத் துரு நீக்கிப் பூசும்போது அந்தக் குழியை மட்டும் தட்டி எடுக்காமல் விட்டார். விலை பேச வந்தவர்களை அத்தை வாசலிலேயே மோர் கொடுத்து அனுப்பினார். முதல் தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டபோது கொட்டகைக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. மாமா ஆளைக் காணோம் என்று தேடினால், காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். புகை என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வருகிறார்கள். முன்சீட்டில் டாக்டரம்மா, பின்சீட்டில் அத்தை. வளைவுகளை டாக்டரம்மாதான் சொல்கிறார். மாமா போகிற வேகத்துக்கு, மாடு ஈன்று கன்று எழுந்து பாலே குடித்துவிடும் என்று திட்டும் வாங்குகிறார். போன வாரம் ஏரிக்கரை நேர்ரோட்டில் ஏதோ ஒரு வேகத்தில் காலை அழுத்திவிட்டாராம். என் மனைவிக்கு அத்தை போன் செய்து அதைச் சொன்னார். டாக்டரம்மா டேஷ்போர்டைத் தட்டித் தட்டி "விடு, விடு" என்றாராம். தான் கண்ணை மூடிக்கொண்டு முன்சீட்டின் முதுகை இரண்டு காலாலும் உதைத்துக்கொண்டு வந்தாராம்.

"அப்புறம்?" என்றாள் என் மனைவி.

"அப்புறம் என்ன, வீடு வந்து சேர்ந்தோம். உங்கப்பா இன்னும் கொட்டகையை விட்டு வரலை. மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நீ சாப்பிட வா."