கீரைத் தண்ணீரைக் கொட்டுங்கள்

முதலில் செருப்புதான் பத்தாமல் போனது. காலையில் சரியாக இருந்த வார், கடையை மூடும் நேரத்தில் பாதத்தை இறுக்கிப் பிடித்தது. நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதால் நீர் இறங்கியிருக்கும் என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு, அடுத்த அளவில் செருப்பு வாங்கினேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என் கடை. சத்தியவேட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தபோது எஸ்.டி.டி. பூத்தாகத் தொடங்கினேன். எல்லார் கையிலும் செல்போன் வந்தபின் அதுவே ஜெராக்ஸ் கடை ஆனது. முதுகுவலிக்கு மாத்திரை போடுவேன், தண்ணீர் அதிகம் குடிக்க மாட்டேன், ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள நேரம் இருந்ததில்லை. இதை யாரும் என்மேல் குற்றப்பத்திரிகையாகப் படிக்க வேண்டாம். பிழைப்பு அப்படித்தான் இருந்தது.

முகமும் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டாததால் ரத்தத்தில் தங்கும் கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன, இனி டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து உள்ளே விடுவது) செய்தாக வேண்டும்.

“எவ்ளோ நாளைக்கு சார்?” என்று என் மனைவி கௌரி கேட்டாள்.

“இருக்கிற வரைக்கும்” என்றார் டாக்டர்.

இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி போட வசதியாக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் வழி) வைத்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் இயந்திரத்துக்கு என்று ஆனது. குடிக்கும் தண்ணீருக்கு அளவு. பொட்டாசியம் (இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் உப்பு, அளவு மீறினால் இதயத்தையே நிறுத்தும்) சேரக் கூடாது என்பதால் இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாம் விலக்கு. ஆசைக்கு ஒரு கரண்டிக் கீரை வேண்டுமானால், இரண்டு முறை வேகவைத்து வடித்துத் தரலாம் என்றார்கள்.

கடையைக் கௌரி பார்த்துக்கொண்டாள். நான் வீட்டில் காட்சிப் பொருளாக இருந்தேன். வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு என் காலைப் பார்ப்பார்கள். ஒருநாள் தூரத்து உறவுக்காரர் ஒருவர், நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, “பாவம், எப்டி இருந்த மனுசன்!” என்றார். செத்தவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து தெருவில் நடந்தேன். நடக்க முடிந்த தூரத்தில் காலனித் தோட்டம் இருந்தது.

நகராட்சி பார்க்குக்காக ஒதுக்கி, பிறகு குப்பைமேடாகிப்போன இடம் அது. காலனிக்காரர்கள் சிலர் சேர்ந்து சுத்தம் செய்து காய்கறி போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் தலைவி மாதிரி ரமணம்மா. அரசுப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன்கள் இருவரும் அமெரிக்காவில். பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து வாடிய மாலைகள் மூட்டை மூட்டையாக வரும், அவற்றை மக்கவைத்துத்தான் உரம். பூ மக்கும், அதைக் கட்டிய நைலான் நூல் மக்காது. யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு மாலையிலிருந்தும் நூலை உருவ வேண்டும்.

வேலிக்கு வெளியே நின்றிருந்த என்னைப் பார்த்து ரமணம்மா, “சும்மாதானே நிக்கிறீங்க அண்ணா? வந்து இந்த நூலைப் பிரிங்க” என்றார்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை. அந்த ஒன்றுக்காகவே மறுநாளும் போனேன்.

சம்பளமில்லாத இந்த வேலைக்கு மனிதர்கள் ஏன் வருகிறார்கள் என்று எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. சர்க்கரை குறைய ஒருவர் வருகிறார். மருமகளிடமிருந்து தப்பிக்க ஒருவர். வீட்டில் இருந்தால் அமெரிக்காவிலிருந்து போன் வருமா என்று போனையே பார்க்கத் தோன்றுகிறது, அதனால் வருகிறேன் என்றார் ரமணம்மா. ஊர்சேவை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் கீரை அறுத்த ஞாயிற்றுக்கிழமை, வளர்த்தவர்கள் எல்லாரும் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டோம். ரமணம்மா முன்கூட்டியே கௌரியிடம் பக்குவம் கேட்டுவைத்து, கீரையை இரண்டு முறை வேகவைத்து வடித்திருந்தார். எனக்கு ஒரு கரண்டி வைத்தார். பிறகு அரை டம்ளர் சாறு. எங்கள் பக்கம் ரசத்தைச் சாறு என்போம். “கொஞ்செம் தாகண்டி அண்ணா” என்று தெலுங்கில் கெஞ்சிக் குடிக்கச் சொன்னார். அன்றைய தண்ணீர்க் கணக்கில் அரை டம்ளருக்கு இடம் இருந்தது. குடித்தேன். அமிர்தமாக இருந்தது.

சாயங்காலம் கால்கள் துணியாகத் துவண்டன. உதட்டைச் சுற்றி மரத்தது. நெஞ்சு ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் யோசித்தது. ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்ததும் ஓடினார்கள். ஊசிகள் போட்டு, உடனே டயாலிசிஸில் படுக்கவைத்தார்கள்.

வராந்தாவில் ரமணம்மாவோடு நடந்த பேச்சைக் கௌரி பிறகு சொன்னாள்.

“டீச்சரம்மா, அந்தச் சாறு இன்னாத்துல வெச்சீங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

“கீரை வெந்த தண்ணிலதான். வடிச்ச தண்ணில சாறு வெக்கிறதுதானே? அதப் போய் கீழ கொட்டறது எட்லா (எப்படி)?”

கௌரிக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அந்தத் தண்ணீரைக் கொட்டியதே இல்லை. சத்தெல்லாம் அதில்தான் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். நம்பிக்கை பொய்யும் இல்லை. இலையில் இருந்த பொட்டாசியத்தில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரில் இறங்கியிருந்தது.

பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் என் மகள் பிரியா, விடிவதற்குள் பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

“போதும் நைனா. ஒரு எலைகூட துன்ன முடியாது, உனக்கு இன்னாத்துக்கு அந்தத் தோட்டம்? எங்கூட பெங்களூர் வந்துடு. நம்ம பிளாட்டுக்குப் பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி.”

“வந்து?”

“ரெஸ்ட் எடு.”

“வாரத்துல ரெண்டு நாளு என்னத் தூக்கி மிஷின்ல வெக்கிறாங்க. மிச்ச நாள்ல நான் எதையாவது தூக்கி மண்ணுல வெக்கறேன். அதையும் புடுங்காதே.”

அவள் அழுதாள். அவள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்குள் போய் நான் குடியிருக்க முடியாது.

டாக்டரிடம் நேராகவே கேட்டேன், தோட்டத்துக்குப் போகலாமா என்று. ஃபிஸ்டுலா கையில் எடை தூக்காதீர்கள், கையுறை போடுங்கள், உரக் குழிப் பக்கம் முகமூடி இல்லாமல் போகாதீர்கள் என்றார். “ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.” பிரியா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மறுநாள் தனியாகப் பெங்களூர் திரும்பினாள்.

நான் தோட்டத்துக்குப் போனபோது பாத்திகள் காய்ந்திருந்தன. ரமணம்மா வருவதை நிறுத்திவிட்டிருந்தார். அவர் இல்லாமல் மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். சர்க்கரைக்காரர் மட்டும் வந்து சுற்றி நடந்துவிட்டுப் போகிறாராம்.

ரமணம்மாவின் வீடு இரண்டாம் மாடி. நின்று நின்று ஏறினேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

“உங்களக் கொன்னிருப்பேன் அண்ணா.”

“கொல்லலையேம்மா. இதோ படியேறி வந்துக்கினு இருக்கேன்.”

“என்னால முடியாது. அந்தப் பக்கம் பாக்கவே நடுக்கமா இருக்குது.”

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. “முடியாதவன்னு காலனியில ஒருத்தன் போதும். நீங்களும் படுத்துக்கினா என் வியாதிக்கு ரெண்டு ஆளு ஆயிடும். அத நான் உட மாட்டேன். வந்து தண்ணி காட்டுங்க, பீர்க்கங்கொடி வாடுது.”

அன்றைக்கு வரவில்லை. வியாழக்கிழமை காலை நான் போனபோது ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் மாலைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த கீரை அறுப்பில் ஒரு புது வழக்கம் வந்தது. கட்டு வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும், வீட்டில் கிட்னி கோளாறு உள்ளவர் உண்டா என்று ரமணம்மா வகுப்பறைக் குரலில் கேட்கிறார். ஒரு பெண் தன் மாமனாருக்கு உண்டு என்றதும், நீட்டிய கட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “டாக்டர் ஒத்துக்கினாதான் குடுக்கணும். ரெண்டு தரம் வேகவெச்சு தண்ணிய சிங்க்குல கொட்டணும். வேஸ்ட்டாவுதேன்னு பாக்காதீங்க, கொட்டுங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முன்பு என்றால் கூசியிருப்பேன். அன்று நூலை உருவியபடியே ஆமாம் என்று தலையாட்டினேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போது டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கலாம். என் உடம்பு தேறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். திங்கள் வந்தால் கனக்கிறது, செவ்வாய் இரவு வெறும் கூடாகிறது. தாகம் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடும்போது இன்னும் அதிகமாகிறது. பூத் மீட்டரில் நிமிஷங்களை ஓடவிட்டு வாழ்ந்தவன் நான். இப்போது செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் உள்ள நாட்களை விளைச்சலாக மட்டும் பார்க்கக் கற்றிருக்கிறேன்.

போன வாரம் பிரியா போன் செய்தாள்.

“எப்பதான் நைனா வருவே?”

“பீர்க்கங்கா முடியட்டும்.”

“முடிஞ்சதும்?”

“அவரை போட்டிருக்கோம்.”

“அதுக்கப்பறம்?”

“அதுக்கப்பறம் நான் இல்லன்னாலும் எவனாவது போடுவான்டி. இப்ப போன வை, எனக்கு வேல கீது.”