பரியாரி வீட்டில் சொல்லக்கூடாத சொல்

எனக்கு ஓரிடத்தில் சும்மா இருக்க வராது. காலில் வண்டிச் சில்லுப் பூட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்லுவார். அப்படிப்பட்ட என்னைக் கோப்பாயில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரியின் வளவில், தென்னங்கிடுகால் வேய்ந்த கொட்டிலொன்றில், ஒரு பாயோடும் ஒரு செம்போடும் ஒன்றரை மாதம் இருத்தி வைத்த பெருமை என் கணவரையே சேரும். அவருக்கு அபின் பழக்கம். இதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை. அப்போது இருந்தது.

அவர் நீர்வேலிக்காரர். கலியாணம் முடித்து, உடுப்பிட்டியில் என் சீதன வீட்டுக்கு வந்தவர். லொறி ஓட்டுவார். முதலில் வாழைக்குலை, பிறகு வெங்காயமும் செத்தல் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோய், எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டிய காலம் அது. ஒருநாள் மூட்டை ஏற்றும்போது அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கூட நின்ற ஒரு லொறிக்காரர், கடலால் வந்த சாமான் என்று சொல்லி, மிளகளவு உருண்டை ஒன்றைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கொடுத்திருக்கிறார். இடுப்பு நோ போய்விட்டது. உருண்டை போகவில்லை. மிளகளவு கடலையளவாயிற்று. அது உள்ளே போகாவிட்டால் அவருக்குக் கை நடுங்கும். போனால் வண்டியைப் பார்த்து முதலாளிக்குக் கை நடுங்கும். கடைசியில் முதலாளி லொறியைப் பூட்டித் திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அண்ணைதான் எல்லாம். அவர் வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"இந்த ஒருமுறை பாப்பம். எங்கையாவது வைச்சு மாத்து. திருப்பித் தொட்டாரெண்டால் பிறகு உவர் இந்தப் படலைக்குள்ளை கால் வைக்கப்படாது. நீயும் பிள்ளையும் எங்களோடை இருக்கலாம்."

எங்கே வைத்து மாற்றுவது? ஆஸ்பத்திரி டொக்டர் நல்ல மனிதர். "நடுக்கத்துக்கு மருந்து தரலாம் அம்மா, ஆளை மாதக்கணக்கிலை வைச்சிருக்க இடமில்லை" என்று ஒளிக்காமல் சொன்னார். கொழும்புப் பக்கத்து விசர் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரட்டுமா என்றும் கேட்டார். அந்தப் பெயரைக் கேட்டதுமே மாமியார் ஒப்பாரி தொடங்கிவிட்டார். கோயில் மடத்தில் போய்க் கிடந்தால் எதுவும் மாறும் என்றார்கள் சிலர். மடத்துக்குப் பூட்டு ஏது? போன பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிடுவார். மிஞ்சியது கோப்பாய்ப் பரியாரி. அவர் விசர் வைத்தியத்துக்கு, மூளை குழம்பியவர்களைத் தேற்றுவதற்கு, பெயர் எடுத்தவர், ஆட்களை வளவிலேயே தங்கவைத்துப் பார்ப்பவர். அபினுக்கென்று தனிப் பரியாரி எங்கே இருக்கிறார்? மாமியார் மகனுக்குக் கண் மஞ்சளிக்கிற செங்கமாரி என்று ஊரில் சொல்லி வைத்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பஸ் ஏறுமுன்னமே சந்திக் கடைக்காரர் என்னிடம், "செங்கமாரிக்கு ஏன் பிள்ளை கோப்பாய்?" என்று கேட்டார்.

பரியாரி வீட்டில் துணைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அந்தத் துணையும் நோயாளியின் பத்தியத்தையே சாப்பிடவேண்டும். உப்பில்லை, புளியில்லை, மிளகாய் இல்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்களுக்கு அது கோப்பையிலே வந்தது. யாழ்ப்பாணமே மிளகாயில் மிதந்த காலத்தில் ஒரு செத்தல் மிளகாயின் மணத்துக்கு ஏங்கிப் போனேன். மூன்று வயது மகளை அம்மாவிடம் விட்டு வந்த ஏக்கம் வேறு.

பக்கத்துக் கொட்டிலில் மூளை குழம்பிய ஒரு பெரியவர் இருந்தார். தெருவில் என்ன சத்தம் கேட்டாலும், "பஸ் போட்டுதோ?" என்று கேட்பார். போய்விட்டது என்றால் தலையில் கை வைப்பார், போகவில்லை என்றால் சால்வையை எடுத்துத் தோளில் போடுவார். முதல் கிழமை நான் மரியாதையாகப் பதில் சொன்னேன். பிறகு எரிந்து விழுந்தேன். எனக்கும் அதே பஸ்ஸில் ஏறி ஓடவேண்டும் போலத்தான் இருந்தது.

முதல் நாட்களில் இவர் பட்ட பாடு பார்க்க முடியாதது. மூக்கால் வடியும், கொட்டாவிக்கு மேல் கொட்டாவி வரும், வயிறு போகும். கால் உளைவு தாங்காமல் பாயை உதைத்து உதைத்து நார் நாராக்கினார். "இஞ்சேரும், ஒரு கடுகளவு. கடுகளவு போதும்" என்று என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவரிலே கோபமும் இரக்கமும் ஒன்றாய் வந்தால் எனக்கு இருக்க முடியாது. எழும்பி வளவைக் கூட்டுவேன். கூட்டிய இடத்தையே திருப்பிக் கூட்டுவேன். கிணற்றில் தண்ணீர் அள்ளி, வேண்டாத வாழைக்கெல்லாம் ஊற்றுவேன். பரியாரி ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்.

"பிள்ளை, நோய் வருத்தம் உவனுக்கோ, உனக்கோ?"

மெல்ல மெல்ல அவர் தேறினார். சாப்பாடு பிடித்தது. பகிடி விட்டு என்னைச் சிரிக்கக்கூட வைத்தார். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று பரியாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்.

"போகேக்கை 'வாறன்' எண்டு சொல்லப்படாது. 'போறன்' எண்டு சொல்லவேணும். திரும்பியும் பாக்கப்படாது."

நாங்கள் எந்த வீட்டுப் படலையைத் தாண்டினாலும் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்வோம். 'போறன்' என்று சொன்ன பிள்ளைக்கு அடி விழும். பரியாரி வீட்டில் மட்டும் அது தலைகீழ். வாறன் என்றால் வருத்தம் பிடித்து நோயாளியாகத் திரும்பி வருவாய் என்று பொருள்.

அடுத்த நாள் காலை அண்ணை வாடகைக் காரோடு வந்து நின்றார். பரியாரி விபூதி பூசிவிட்டார். இவர் இரண்டு கையையும் கூப்பி, தெளிவாக, எல்லோர் காதிலும் விழ, "ஐயா, போட்டு வாறன்" என்றார்.

பரியாரியின் மனைவி வாயில் கை வைத்தார். பரியாரி விபூதித் தட்டோடு உள்ளே போய்விட்டார். இவருக்கு முகம் வெளிறிவிட்டது. காரில் அண்ணை முன்னால் பார்த்தபடியே, "சொல்லிப்போட்டார். இனி வரத்தானே போறார்" என்றார். எனக்கு வந்த கோபத்தில், உடுப்பிட்டி வந்து சேரும் மட்டும் நான் இவரோடு கதைக்கவில்லை. ஒன்றரை மாதம் உப்பில்லாமல் தின்றது ஒரு சொல்லில் போய்விட்டதே என்று வயிறெரிந்தேன்.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. நீர்வேலியில் தன் தமையன்மாரின் வாழைத் தோட்டத்தில் வேலை செய்தார், பிறகு முதலாளி திறப்பையும் கொடுத்தார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. அவர் கொட்டாவி விட்டால் செய்கிற வேலையை விட்டு ஓடி வருவேன். முற்றத்து வெளிச்சத்தில் அவர் கண்மணியைப் பார்ப்பேன். அபின் உள்ளே போனால் அது ஊசிமுனை போலச் சுருங்கிவிடும் என்று பரியாரி காட்டித் தந்திருந்தார். "என்னைத் திருடனைப் பாக்கிற மாதிரிப் பாக்காதையும்" என்று ஒருநாள் கேட்டார். நான் பார்ப்பதை விடவில்லை.

மிளகாய்க் காலம் திரும்பி வந்தது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் கை கழுவினார். நான் தண்ணீர் வார்த்தேன். நிமிர்ந்தார். ஊசிமுனை. நான் கண்டதை அவரும் கண்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையால் போனார், எங்கே என்றும் சொல்லவில்லை, போட்டு வாறன் என்றும் சொல்லவில்லை. இரவாகியும் வரவில்லை.

விடிந்ததும் அண்ணை சங்கிலியும் பூட்டும் கொண்டுவந்து படலையைப் பூட்டினார்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நான் சொன்னது சொன்னதுதான்."

அண்ணையில் எனக்குக் கோபமில்லை. என்மேல் உள்ள பட்சத்தில்தான் பூட்டினார். ஆனால் பூட்டிய படலைக்குள் என்னால் இருக்க முடியவில்லை. பிள்ளையை அண்ணையோடு வந்திருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பின் வேலியில் ஓட்டை விழுந்த பொட்டால் புகுந்து போய் பஸ் ஏறினேன். நீர்வேலியில் இறங்கி மாமியார் வீட்டில் பார்த்தேன். இல்லை. வாழைக்குலை ஏற்றும் இடத்தில் கேட்டேன். நேற்றுப் பின்னேரம் சந்தியில் சைக்கிளைப் பிடித்தபடி கனநேரம் நின்றார், பிறகு கோப்பாய்ப் பக்கம் போனார் என்று ஒருவர் சொன்னார். நான் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நடந்தேன். அபின்காரரைத் தேடிப் போயிருப்பார், எங்கேயாவது வாய்க்காலில் விழுந்து கிடப்பார் என்று வழி முழுக்க ஏதேதோ நினைத்தேன்.

பரியாரியின் வளவில் முருங்கையோடு அவருடைய சைக்கிள் சாத்தியிருந்தது. அதே கொட்டில், அதே மூலை. பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உப்பில்லாக் கஞ்சி ஆறிப்போய் இருந்தது.

"ஏன் இஞ்சை வந்தனீங்கள்?" என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்விதான். வேறு கேள்வி வாயில் வரவில்லை.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனான்."

"அண்டைக்கு வேணுமெண்டோ சொன்னனீங்கள்?"

"இல்லை. வாய் தவறினதுதான்." பல்லைக் கடித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். "நேற்றுச் சந்தியிலை நிக்கேக்கை எங்கை போறதெண்டு தெரியேல்லை. வீட்டிலை சொல்லாமல் வந்திட்டன், திரும்பிப் போக முகமில்லை. யோசிச்சுப் பாத்தன். இஞ்சை ஒரு இடத்திலைதான் வாறனெண்டு சொல்லியிருந்தன்."

நான் அழுதேன். அந்தச் சொல்லுக்காக எத்தனை மாதம் அவரைக் கரித்துக் கொட்டியிருந்தேன்.

பரியாரி வாசலில் வந்து நின்றார். "உவன் சொன்னது பலிச்சிட்டுது, பாத்தியோ" என்றார். தன் வைத்தியம் பிழையாய்ப் போய்விட்ட எரிச்சல் அவருக்கு. "துணையில்லாமல் வைச்சிருக்கேலாது. நீ இருக்கிறியோ, இல்லாட்டிக் கூட்டிக்கொண்டு போறியோ?"

தெருவில் உடுப்பிட்டிப் பக்கம் போகிற பின்னேர பஸ் இரைந்தது. பக்கத்துக் கொட்டில் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"பஸ் போட்டுதோ?"

"போட்டுது ஐயா" என்றேன். அது போய் முடியும்வரை இருந்த இடத்தைவிட்டு நான் அசையவில்லை.

அடுத்த நாள் அண்ணை வந்தார். வளவுக்குள் வராமல் தெருவிலேயே நின்றார். என் உடுப்புப் பை ஒன்று கையில் இருந்தது.

"உவரை இஞ்சை விட்டிட்டு வா. பிள்ளை தேடுது."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னேன். "அண்ணை, அது என்ரை சீதனப் படலை. பூட்டைக் கழட்டி விடுங்கோ. நாங்கள் ரெண்டுபேரும் வருவம்."

அண்ணை என்னைப் பார்த்தார், கொட்டிலைப் பார்த்தார். பையை வேலியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். பூட்டைக் கழற்றிய செய்தி அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த முறை இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. விடைபெறும் நாள் வந்தது. பரியாரி சொல்லக்கூடாத சொல்லைப் பற்றி முன்னையதைவிடச் சத்தமாக, ஒன்றுக்கு இரண்டு தரம் எச்சரித்தார். இவர் தன் வாய்க்கே பயந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு கையை மட்டும் கூப்பினார். 'போறன்' என்றும் சொல்லவில்லை. பரியாரி காத்துக்கொண்டு நின்றார்.

நான்தான் சொன்னேன். "ஐயா, போட்டு வாறம்."

பரியாரியின் முகம் கறுத்தது. அடுப்படிக் குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவியின் குரல்தான் வந்தது. "ஓம் பிள்ளை. வாருங்கோ."

அவர் கடைசியாக அபின் தொட்டது அதற்கடுத்த மாரி மழைக்காலத்தில். அன்றைக்கு அவர் சைக்கிளில் கை வைக்க முன்னமே நான் கோப்பாய்க்குப் போகப் பாயையும் செம்பையும் எடுத்துவிட்டேன்.