ஒரு கை பாக்கெட்டில்

காளிராஜ் பொய்யே பேசாத ஆள் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். "நாளைக்கு ரெடியாயிரும்" என்று தினமும் வருகிறவர்களிடமெல்லாம் கூசாமல் சொல்கிற டிவி மெக்கானிக் அவன். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் கடை. ஆனால் போன மழைக்காலத்தில் நடந்த இந்த விஷயத்தில் அவன் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. சொல்லும்போது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். அன்றைக்கு வீடியோ காலில் அவனோடு இருந்த இன்னொருத்தன் தாணேயில் உயிரோடுதான் இருக்கிறான். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மும்பை டிவி மெக்கானிக்குகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டு. தாராவி, செம்பூர், கோவண்டி, தாணே என்று எல்லா இடத்து ஆட்களும் இருப்பார்கள். இந்தியும் தமிழும் மராட்டியும் கலந்து ஓடும். 'சவுண்ட் வருது, படம் வரல' என்று ஒருத்தன் போர்டைப் போட்டோ எடுத்துப் போட்டால் போதும், நாலு பேர் வைத்தியம் சொல்ல வந்துவிடுவார்கள். காளிராஜ்தான் அட்மின்.

அந்தக் குரூப்பில் ஒரு கண்டிப்பு. பிளக்கைச் சொருகி, கரண்ட் ஓடுகிற போர்டில் கை வைக்கவேண்டி வந்தால் ஒருத்தனும் தனியாகச் செய்யக்கூடாது. வீடியோ கால் போட்டு, போனைப் போர்டுக்கு நேரே ஸ்டாண்டில் நிறுத்திவிட வேண்டும். யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வேலை செய்கிறவனின் இடது கை பேண்ட் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒரு கையில் ஏறி, நெஞ்சைத் தாண்டி, மறு கையில் இறங்கும். அப்புறம் ஆள் கிடையாது. இதில் ஏமாற்றுகிறவனைக் காளிராஜ் குரூப்பில் வைத்தே கிழிகிழி என்று கிழிப்பான்.

அவன் இப்படிக் கத்துவதற்குக் காரணம் தங்கபாண்டி. மனைவி சங்கரேஸ்வரியின் ஒரே தம்பி. அவனும் மெக்கானிக்தான், வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவன். தாய் தகப்பன் இல்லை. அக்காவும் தம்பியும்தான் ஒருத்தருக்கு ஒருத்தர். "எனக்குன்னு இருக்கது அவன் ஒருத்தன்தான், பாத்துக்கிடுங்க" என்று சங்கரேஸ்வரி எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. தங்கபாண்டிக்கு ஒன்று ஆனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம் காளிராஜுக்கு எப்போதும் உண்டு.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. கடைக்கு வெளியே தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. மூன்றேகால் மணிக்குத் தங்கபாண்டி கால் போட்டான். கோவண்டியில் சைனப் என்கிற அம்மாவின் வீடு. அந்த அம்மா பிள்ளையைக் கூப்பிட ஸ்கூலுக்குப் போயிருப்பதாகவும், தான் மட்டும் இருப்பதாகவும் சொன்னான். காளிராஜ் எடுத்தான். தாணேயிலிருந்து சலாவுதீனும் காலில் சேர்ந்துகொண்டான். அவன் கடையில் வாடிக்கையாளர் நின்றதால் மைக்கை அணைத்துவிட்டு அவ்வப்போது மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் பின்மூடி கழற்றிய டிவி. போர்டு. ஓரத்தில் சிவப்பு விளக்கு. மீட்டரின் ஊசிக்கம்பியைப் பிடித்தபடி தங்கபாண்டியின் வலது கை, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் மழைச் சத்தமே கேட்கவில்லை. தகரக் கூரை வீடு. எப்படிக் கேட்காமல் போகும்?

காளிராஜ் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்தான். போர்டின் மேல் இன்னொரு கை இருந்தது.

வந்தது ஆத்திரம்தான். "ஏலே, இடது கைய எடு. எத்தன தடவ சொல்லுதேன்?"

"எந்தக் கை அத்தான்? இடது கை பாக்கெட்லலா இருக்கு."

காளிராஜ் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். அந்தக் கை பக்கவாட்டிலிருந்து வரவில்லை. டிவிக்கு உள்ளேயிருந்து வந்திருந்தது. விரல் நுனியெல்லாம் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய தோல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

அது மெல்ல நகர்ந்தது...

தங்கபாண்டியின் மணிக்கட்டை நோக்கி.

அப்போது திரை ஒரு நொடி கறுத்தது. 'டப்' என்று ஒரு சத்தம். மறுபடி படம் வந்தது. அதே போர்டு. அதே சிவப்பு விளக்கு. அதே இரண்டு கை.

காளிராஜ் கத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டான். கத்தினால் பையன் பதறுவான். பதறினால் கை கரண்டில் விழும். சங்கரேஸ்வரியின் முகம் கண்முன் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் பேசினான்.

"தங்கம்... ஒண்ணுமில்ல. கைய மட்டும் எடு. மெதுவா."

கை அசையவில்லை.

"மெதுவால. என் ராசால்லா. வெளிய எடு."

சிவப்புக் கயிறு கட்டிய கை அசைந்தது.

ஒரு விரல்...

இன்னொரு விரல்...

சுருங்கிய கை அதை விடவில்லை. கூடவே வந்தது.

"இன்னுங் கொஞ்சம்... வா... வெளிய வா..."

சுருங்கிய கை நின்றது. பின்வாங்கியது. உள்ளே போய்விட்டது.

சிவப்புக் கயிறு கட்டிய கை முழுசாக வெளியே வந்தது.

காளிராஜ் அப்படியே ஸ்டூலில் சாய்ந்தான். சட்டை முழுக்க வேர்வை. பிழைத்துவிட்டான், பையன் பிழைத்துவிட்டான். "அங்கயே இரு, நான் வாரேன்" என்று சொல்வதற்குள் கடையில் நெட்வொர்க் போய்விட்டது. சிக்னல் வந்ததும் திருப்பி அடித்தான். ரிங் போனது, எடுக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு மழையோடு ஆட்டோ பிடித்தான்.

கோவண்டியில் அந்தக் கல்லி, சைனப் வீட்டுச் சந்து, முழுக்க இருட்டடித்துக் கிடந்தது. சைனப் வீட்டுக்கு எதிரே டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே தங்கபாண்டி நின்றுகொண்டிருந்தான். கையில் டீ. காளிராஜ் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டான். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. அழுதேவிட்டான்.

தங்கபாண்டி திருதிருவென்று முழித்தான். "என்னத்தான் ஆச்சு? பாக்கெட்ல இருக்குன்னு சொன்னம்லா, அந்தால லைட் போயிட்டு. கல்லிக்கே கரண்ட் போச்சு. போன ஸ்டாண்டுலயே விட்டுட்டு வெளிய வந்துட்டேன். அப்பத்துலேந்து இங்கதான் நிக்கேன்."

டீக்கடைக்காரரும் ஆமாம் என்றார். ஒரு மணி நேரமாக இங்கேயேதான் நிற்கிறானாம். கரண்ட் இன்னும் வரவில்லையாம்.

காளிராஜ் எதிர்வீட்டைப் பார்த்தான். கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு.

அப்படியென்றால் அந்தச் சிவப்பு விளக்கு...?

அந்தக் கை...?

போன் அடித்தது. சலாவுதீன்.

"அண்ணாச்சி, ஒங்க மச்சினன் வந்து சேந்துட்டானா?"

எங்கே வந்து என்று காளிராஜ் கேட்டான்.

"நீங்க கட்டாயிட்டீங்க. அவன் போனைக் கையில எடுத்தான், மூஞ்சி தெரிஞ்சிச்சு. அக்கா வீட்டுக்கு எப்படிப் போணும்னு கேட்டான். வெளாடுதான்னு நெனச்சேன். ரெண்டு மூணு தடவ கேட்டான் அண்ணாச்சி. அதான் லேபர் கேம்ப், அந்த தண்ணி டேங்க் பக்கம்னு சொன்னேன்."

காளிராஜ் பக்கத்தில் நின்ற தங்கபாண்டியைப் பார்த்தான். வீட்டுக்கு அடித்தான். சங்கரேஸ்வரி உடனே எடுத்தாள். ரகசியம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"மெதுவாப் பேசுங்க. தம்பி நனைஞ்சு போயி வந்தான். இப்பத்தான் கண்ணசந்திருக்கான்."

வெளியே வா, உடனே வெளியே வந்து நில் என்று காளிராஜ் போனில் அலறினான். அங்கிருந்து வீடு இருக்கிற மாட்டுங்கா லேபர் கேம்புக்கு ஆட்டோவில் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று இரண்டு பேருக்கும் இன்றுவரை ஞாபகமில்லை. சங்கரேஸ்வரி வாசலில் மழையில் நின்றிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே யாரும் இல்லை. பாய் மட்டும் நனைந்து கிடந்தது. பின்வாசல் கிடையாது அந்த வீட்டுக்கு.

அவள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எப்ப வெளிய போன? நான் இங்கயேதான நிக்கேன்?" என்றாள். கோவண்டிக் கதையைச் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. சொந்தத் தம்பியை எனக்குத் தெரியாதா என்று சண்டைக்கு வந்தாள்.

வந்தவன் என்ன சொன்னான் என்று காளிராஜ் மெல்லக் கேட்டான்.

அவன் சோறு வேண்டாம் என்றானாம். ரொம்ப அசதியாக இருக்கிறது, படுக்கிறேன் என்றானாம். எங்கேடா இவ்வளவு நேரம் கிடந்தாய் என்று அவள் தலையைத் துவட்டிவிட்டிருக்கிறாள். அதற்கு அவன் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

"ரொம்ப நாளா உள்ளயே கெடந்தேங்கா. அத்தான்தான் வா வான்னு கூப்பிட்டு வெளிய எடுத்துவிட்டாவ."