கிருத்திகைக்கு முன்னால்

பத்தாவது வாரம். ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று திருப்பதி டாக்டரம்மா சொன்னார். தானாகப் போகட்டும் என்று விடலாம், மாத்திரை போடலாம், மயக்கம் கொடுத்து க்ளீன் பண்ணலாம், எனக்கு மூன்றுமே ஆபத்தில்லை என்று தெலுங்கும் தமிழும் கலந்து பொறுமையாக விளக்கினார். விளக்கியதெல்லாம் என் கணவரின் முகத்தைப் பார்த்து. படுத்திருந்தது நான். வயிற்றில் தடவிய ஜெல்லைக்கூட இன்னும் துடைக்கவில்லை.

எனக்குக் காத்திருக்க வேண்டும் என்று இருந்தது. அது தானாக என்னை விட்டுப் போகும்வரை சில நாள், அவ்வளவுதான். இது என்ன பேராசையா? நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த மாமியார் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். ஆடிக் கிருத்திகைக்கு ஒன்பது நாள். எங்கள் ஊர் புத்தூரிலிருந்து குடும்பமே காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போகும். மாத்திரை போட்டால் எத்தனை நாள் உதிரம் போகும் என்று கேட்டார். இரண்டு வாரம்கூட ஆகலாம் என்றார் டாக்டரம்மா.

"அப்டீன்னா க்ளீனே பண்ணிடுங்கம்மா. ஊட்ல தீட்ட வெச்சிக்கினு எப்டி காவடி தூக்கறது?"

மருத்துவ ஆலோசனை அதோடு முடிந்தது. ஸ்ரீசிட்டி ஃபாக்டரியில் இருபது பேரை அதட்டி வேலை வாங்குகிற என் கணவர், அம்மா சொன்னதற்குப் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினார். கையெழுத்தை மட்டும் நான்தான் போட வேண்டும் என்றார்கள். போட்டேன். என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

மறுநாளே க்ளீன் பண்ணினார்கள். உதிரம் மட்டும் யார் வீட்டுக் காலண்டரையும் பார்க்கவில்லை, கிருத்திகையன்றும் சொட்டிக்கொண்டிருந்தது. தீட்டு என்று என்னைப் பின்கட்டு அறையில் விட்டுவிட்டு, அரோகரா சொல்லிக்கொண்டு வேன் ஏறினார்கள்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். சிகிச்சை திருப்தியா, ஐந்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று தெலுங்குத் தமிழில் கேட்டாள். நர்சுகள் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், வலியும் அதிகமில்லை என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா, இன்னும் ரெண்டு நாளு அது எங்கூட இருந்திருக்கலாம்மா," என்று சொல்லிவிட்டு அழுதேன். ஸ்கேன் நாளிலிருந்து அதுவரை நான் அழவே இல்லை.

அந்தப் பக்கம் அவள் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்போ மூணு போடட்டுமா மேடம்?"

அத்தனை நாளில் என் விருப்பம் என்ன என்று ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் முறை. போட்டுக்கோம்மா என்றேன்.